அழித்தது அழிந்ததா?

விஞ்ஞானம் நமக்கு அளித்துள்ள அரிய சாதனங்களுள் கணிப்பொறியும் ஒன்று. ஒரு காலத்தில் பெருநகர அலுவலகங்களில் மட்டுமே காணக் கிடைத்த இக்கருவி, இன்று நம் கறம்பக்குடியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பல இல்லங்களில் இடம் பெற்றுவிட்டது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். அக்காள் படித்த காலத்தில் பெற்று வந்த மடிக்கணினியில் தங்கை பாடக் குறிப்பு எழுதுகிறாள். மதிப்பெண் சான்றிதழ், நிலப் பட்டா ஆகியவற்றின் நகல்களும், மறைந்த பாட்டியின் புகைப்படமும்கூட அதற்குள்தான் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று கை தவறி அழிந்துவிட்டால், அது போனது போனதுதானா? அதை மீட்க வழி உண்டா? இதைப் பற்றி இங்கு காண்போம்.

முதலில் கணிப்பொறி ஒரு கோப்பை எவ்வாறு வைத்திருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். நம் பள்ளி நூலகத்தை எண்ணிப் பார்ப்போம். நூல்கள் அலமாரியில் இருக்கின்றன. எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதைப் பட்டியல் கூறுகிறது. ஒரு நூலின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், நூல் அலமாரியை விட்டுப் போய்விடுவதில்லை. தேடுவோர் கண்ணுக்குத்தான் அது தென்படாது. பிறகு வேறொரு புதிய நூல் வந்து, அந்த இடம் காலி என்று கருதி அங்கே வைக்கப்படும்போதுதான் பழைய நூல் உண்மையில் வெளியேறுகிறது.

வன்தட்டு எனப்படும் ஹார்ட் டிஸ்கிலும் நடப்பது இதுவே. நாம் 'டெலிட்' என்று கட்டளையிட்டால் கணிப்பொறி பட்டியலைத்தான் திருத்துகிறது. பழைய டாஸ் கணிப்பொறிகளில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து மாற்றப்பட்டு, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்பட்டது. உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. அமெரிக்கரான பீட்டர் நார்ட்டன் என்பவர், தாம் தவறுதலாக அழித்த ஒரு கோப்பை மீண்டும் தட்டச்சு செய்யாமல், அதை மீட்பதற்கென்றே ஒரு நிரல் எழுதினார். 1982இல் அவர் வெளியிட்ட 'நார்ட்டன் யுட்டிலிட்டீஸ்' தொகுப்பு புகழ் பெற்றதற்கு இந்த மீட்பு வசதியே முக்கிய காரணம்.

கோப்பு காணாமற் போனால் நாம் செய்ய வேண்டியவை யாவை?

1. பதற்றம் கூடாது. அழித்த உடனேயே கன்ட்ரோல் விசையையும் 'இசட்' விசையையும் சேர்த்து அழுத்தினால் பல வேளைகளில் கோப்பு திரும்பிவிடும்.

2. 'ரீசைக்கிள் பின்' என்னும் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். 1995இல் வந்த விண்டோஸ் 95 முதல் இவ்வசதி உள்ளது. கோப்பின்மேல் வலப்புறப் பொத்தானை அழுத்தி 'ரீஸ்டோர்' என்றால் பழைய இடத்துக்கே அது சென்றுவிடும். ஆனால் ஷிஃப்ட் விசையுடன் அழித்தவையும், பென் டிரைவிலிருந்து அழித்தவையும் பொதுவாக இத்தொட்டிக்கு வருவதில்லை.

3. தொட்டியிலும் இல்லையெனில், அந்தக் கணிப்பொறியை மேற்கொண்டு பயன்படுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். இதுவே தலையாய விதி. பாட்டுக் கேட்பதும், படம் இறக்குவதும் காலி இடத்தில் புதியவற்றை எழுதிவிடும். மேலே எழுதப்பட்டபின் பழையதை மீட்க இயலாது.

4. ஃபோட்டோரெக், ரெகுவா போன்ற மீட்பு நிரல்கள் உள்ளன. இவற்றுள் ஃபோட்டோரெக் முற்றிலும் இலவசம். புகைப்படக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தொடக்க அடையாளத்துடனேயே எழுதப்படுகிறது. பட்டியல் இல்லாவிட்டாலும், இந்நிரல் வட்டு முழுவதும் தேடி அந்த அடையாளத்தைக் கண்டுபிடிக்கிறது. நிரலையும் மீட்ட கோப்புகளையும் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோதான் வைக்க வேண்டும்.

இன்றைய புதிய மடிக்கணினிகளில் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்னும் சில்லு வட்டு உள்ளது. வேகம் குறையாதிருக்க, அழித்த பகுதிகளை அது தானாகவே துடைத்துவிடுகிறது. ஆகவே அதில் மீட்பது மிகக் கடினம். பழைய மடிக்கணினி மன்னிக்கும் பிழையைப் புதியது மன்னிப்பதில்லை!

எனவே மீட்பதைவிடப் பாதுகாப்பதே மேல். 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் திரைப்படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. அலுவலகத்தில் வைத்திருந்த நகலும் பழுதாகி இருந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணி புரிந்த கேலின் சுஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நகல் இருந்தது நினைவுக்கு வந்தது. அக்கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, குழந்தையைப் போலவே பத்திரமாகக் கொண்டு வந்தார்கள்!

வேறிடத்தில் இருந்த நகலே கை கொடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலை நம் புதுக்கோட்டை மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். கூரை பறந்து மழை நீர் உள்ளே புகுந்த வீட்டில், மடிக்கணினியும் அதன் அருகே பெட்டியில் வைத்த நகலும் சேர்ந்தே நனையும். ஆகவே முக்கியமான கோப்புகளின் ஒரு நகலை வெளியூரில் உள்ள உறவினர் வீட்டிலோ, இணைய வழிச் சேமிப்பகத்திலோ வைத்தல் நன்று.

இனி, பெற்றோரும் மாணவியரும் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நமக்குத் தேவையானதை மீட்டுத் தரும் அதே வழி, நாம் மறைக்க விரும்புவதையும் பிறருக்குக் காட்டிவிடும். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வு மாணவர் இருவர், பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே! மற்றவற்றில் சொந்தக் கடிதங்களும், ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்களும் கிடைத்தன.

நம் வீட்டுப் பெண்களின் படங்களும், வங்கிக் கணக்கு விவரங்களும் உள்ள மடிக்கணினியை, 'எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்' என்று எண்ணிப் பழைய சாமான் கடையில் போட்டுவிடலாகாது. 'குவிக் ஃபார்மட்' செய்தாலும் பட்டியல் மட்டுமே அழியும். விற்கும் முன் முழு ஃபார்மட் செய்ய வேண்டும்; அல்லது விண்டோஸில் 'ரீசெட்' செய்யும்போது, வட்டைத் துடைக்கும் வழியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயங்காத இயந்திரமாயின் வன்தட்டைக் கழற்றி நம்மிடமே வைத்துக் கொள்ளலாம். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இவ்விழிப்பு தேவை.

கணிப்பொறி நாம் நினைப்பதுபோல் எளிதில் மறப்பதில்லை. வேண்டியதை இரண்டு இடங்களில் வைப்போம். இழந்தால் உடனே கையை நிறுத்துவோம். வேண்டாததை முறையாகத் துடைத்த பின்னரே பிறர் கையில் கொடுப்போம். இவ்வாறு பயன்படுத்தினால் கணிப்பொறி நம் இல்லத்திற்கு நல்ல துணையாக விளங்கும் என்பதில் ஐயமில்லை.