அமெரிக்க அரசு உயர்நிலைப்பள்ளி அறிக்கை: கலைச்சொற்களும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஒவ்வோர் அரசு உயர்நிலைப்பள்ளியைப் பற்றியும் ஆண்டறிக்கை வெளியிடப்படுகிறது. அங்குப் பயில்வோர் எத்தகையோர், அவர்தம் கல்வியடைவு யாது என்னும் இரு செய்திகளை அது தருகிறது. கல்வி ஒப்பாய்வுக்காக இத்தகைய அறிக்கைகளைத் தமிழில் பெயர்ப்போருக்கு அவற்றின் சொற்கள் எளியனவாகவே தோன்றும். ஆயின் அவை பொதுச்சொற்கள் அல்ல. சட்டத்தாலோ விதியாலோ வரையறுக்கப்பட்டவை. வரையறையை விடுத்துச் சொல்லை மட்டும் பெயர்த்தால், எண் மாறாதிருக்கவும் செய்தி மாறிவிடும்; மாணவரைப் பற்றிய மதிப்பீடும் பிழைபடும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பள்ளியைக் குறிக்கும் சொற்கள்

'பப்ளிக் ஸ்கூல்' என்னும் தொடர் இங்கிலாந்தில் கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளுள் ஒரு வகையைக் குறிக்கும். இந்தியாவிலும் தனியார் பள்ளிகள் பல இப்பெயரைத் தாங்கியுள்ளன. அமெரிக்காவிலோ அது வரிப்பணத்தால் கட்டணமின்றி நடைபெறும் பள்ளியாகும். எனவே 'அரசுப்பள்ளி' என்பதே பொருந்தும். 'ஹைஸ்கூல்' என்பது அங்குப் பொதுவாக 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைக் கொண்டது. தமிழ்நாட்டு வழக்கில் உயர்நிலைப்பள்ளி 10ஆம் வகுப்போடு முடிவதால், 'உயர்நிலைப்பள்ளி' என எழுதுவோர் வகுப்பு வரம்பை ஒருமுறையேனும் சுட்டுதல் வேண்டும்.

2. கல்வியடைவுச் சொற்கள்

2.1. 2002இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' என்னும் பொருளுடைய கூட்டாட்சிச் சட்டம், வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. இத்தேர்வுகளின் முடிவு 'புரொஃபிஷியன்ட்' நிலையை எட்டியோர் விழுக்காடாகத் தரப்படும். இதனைத் 'தேர்ச்சி விழுக்காடு' எனப் பெயர்ப்பது தவறு. தமிழில் தேர்ச்சியின் மறுதலை தோல்வி. ஒரு பள்ளியில் 40 விழுக்காட்டினர் இந்நிலையை எட்டினர் என்றால் எஞ்சிய 60 விழுக்காட்டினர் தோற்றனர் என்பது பொருளன்று. அவர்கள் மாநிலம் வகுத்த ஓர் இலக்கை எட்டவில்லை என்பதே பொருள். அவ்விலக்கின் உயரமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 'இலக்குநிலை எட்டியோர்' என்பது பொருத்தமான தொடராகும்.

2.2. 'கிராஜுவேஷன்' என்பதைப் 'பட்டம் பெறுதல்' எனின் தமிழர் கல்லூரிப் பட்டத்தையே கருதுவர். 'பள்ளி நிறைவு' எனல் தகும். நிறைவு விழுக்காட்டின் கணக்கீட்டை 2008ஆம் ஆண்டுக் கூட்டாட்சி விதி ஒருமுகப்படுத்தியது. 9ஆம் வகுப்பில் முதன்முறை சேர்ந்தோருடன் பின்னர் வந்து சேர்ந்தோரைக் கூட்டி, வேறு பள்ளிக்கு மாறியோர், நாட்டைவிட்டுச் சென்றோர், இறந்தோர் ஆகியோரைக் கழித்து, எஞ்சியோருள் நான்கு ஆண்டுகளில் முடித்தவரைக் காண்பது அதன் முறை. ஐந்தாம் ஆண்டில் முடிப்பவர் இவ்வெண்ணில் முடியாதவராகவே நிற்பார். எனவே 100இலிருந்து இவ்விழுக்காட்டைக் கழித்து வருவதை 'இடைநின்றோர்' எனக் கொள்ளுதல் பிழை.

3. மாணவர் வகைப்பாட்டுச் சொற்கள்

3.1. 'ஹிஸ்பானிக்' என்பது மொழிப்பெயர் போல் ஒலிப்பினும் பூர்விகத்தைக் குறிப்பது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் மாணவரும் இவ்வகையுள் அடங்கலாம். ஆதலின் 'ஸ்பானிய மொழியினர்' என்னும் பெயர்ப்பு ஏற்புடையதன்று. 'ஏசியன்' என்பதும் அத்தகையதே. பிரித்தானியப் பேச்சு வழக்கில் அது பெரிதும் தென்னாசியரைச் சுட்டும். அமெரிக்க வகைப்பாட்டில் சீனர், வியத்நாமியர், இந்தியர் அனைவரும் அதனுள் அடங்குவர். இவ்வகைப்பாடுகள் 1977இல் வகுக்கப்பட்டு 1997, 2024 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டவை. ஆதலின் அறிக்கையின் ஆண்டை நோக்காமல் இவற்றைப் பெயர்த்தல் ஆகாது.

3.2. வறுமையின் அளவுகோலாகப் பள்ளி மதிய உணவு பயன்படுகிறது. குடும்ப வருவாய் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 130 விழுக்காடு வரை இருப்பின் இலவச உணவும், 185 விழுக்காடு வரை இருப்பின் குறைந்த விலை உணவும் உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்வழி, ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகள் அனைவர்க்கும் இலவச உணவளிக்கும் முறை ஏற்பட்டது. அத்தகைய பள்ளியில் 'இலவச உணவு பெறுவோர் 100 விழுக்காடு' எனக் காணப்படின் அதனை 'ஏழை மாணவர் 100 விழுக்காடு' எனப் பெயர்த்தல் கூடாது.

4. 'ஆங்கிலம் கற்போர்'

4.1. மொழியியலார் பெரிதும் கருதத்தக்க வகை இதுவே. சான் பிரான்சிஸ்கோ அரசுப்பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வழி மாணவருள் ஏறத்தாழ 1,800 பேருக்குத் துணைப்பயிற்சி ஏதும் வழங்கப்படவில்லை. அவர்கள் பொருட்டு எழுந்த லாவ் - நிக்கல்ஸ் வழக்கில், புரியாத மொழியில் ஒரே பாடநூலை எல்லார்க்கும் தருவது சமவாய்ப்பு ஆகாது என உச்சநீதிமன்றம் 1974இல் முடிவு செய்தது. இம்மாணவரை இனங்கண்டு உதவும் கடமை இதனால் வலுப்பெற்றது. முன்னைச் சட்டத்தில் 'ஆங்கிலத் திறன் குறைந்தோர்' எனப்பட்டோர், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஆங்கிலம் கற்போர்' ஆயினர்.

4.2. இவ்வகை ஏனையவற்றினின்று வேறுபட்டது. மொழித்திறன் பெற்றவுடன் மாணவர் இதனைவிட்டு நீங்குவர். புதிதாக வந்தோர் சேர்வர். எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் இவ்வகையினர் 100 பேர் எனக் கொள்வோம். 60 பேர் திறன்பெற்று நீங்க, 20 பேர் புதிதாகச் சேர்கின்றனர். இப்போதுள்ள 60 பேரில் 6 பேர் கணித இலக்கை எட்டின் அறிக்கை 10 விழுக்காடு எனக் காட்டும். நீங்கிய 60 பேரில் 45 பேர் எட்டியிருப்பின், இரு சாராரையும் சேர்த்த அடைவு 42.5 விழுக்காடு. பள்ளியின் வெற்றியே அறிக்கையில் தோல்வியாகத் தோன்றுகிறது. இது கருதியே, நீங்கியோரையும் நான்கு ஆண்டுகள் வரை இவ்வகையுடன் சேர்த்துக் கணக்கிட 2015ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு இடமளித்தது.

4.3. தமிழில் 'ஆங்கிலம் கற்போர்' எனின், ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயிலும் எவரையும் அது குறிக்கும்; இந்தியப் பள்ளி மாணவருள் மிகப்பலர் அத்தகையோரே. 'ஆங்கிலத் திறன் குறைந்தோர்' என்பதோ கடந்துபோகும் நிலையொன்றை நிலைத்த குறையாக்குகிறது. 'ஆங்கிலப் பயில்நிலை மாணவர்' எனின் நிலை என்னும் சொல் அதன் தற்காலிகத் தன்மையைப் புலப்படுத்தும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால், இத்தகைய அறிக்கையைப் பெயர்ப்போர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது என அறியலாம்: யார் வகுத்த வரையறை? எந்த ஆண்டுக்குரியது? எவர் கணக்கில் உள்ளார், எவர் நீக்கப்பட்டார்? இவற்றுக்குரிய விடையைச் சொல்லின் முதல் வருகையிலேயே ஓரிரு தொடர்களில் தருதல் நலம். விளக்கம் இன்றிப் பெயர்க்கப்பட்ட 10 விழுக்காடு, கற்று முன்னேறிய மாணவரைப் படிப்போர் கண்ணினின்று மறைத்துவிடும்.