ஒரே லாரி, ஒரே ஓட்டுநர்: திடீர்ச் சோதனையை யார் நடத்துவது?

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு லாரி வாங்கி, அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவரை ‘ஓனர்-ஆப்பரேட்டர்’ என்பார்கள். சரக்கு பேசுவதும் அவர், ஸ்டியரிங் பிடிப்பதும் அவர், கணக்கு எழுதுவதும் அவர். போதைப்பொருள், மதுச் சோதனை பற்றிய மத்திய அரசின் விதிகள் இவரை ஒரே நேரத்தில் முதலாளியாகவும் ஓட்டுநராகவும் பார்க்கின்றன. முதலாளி என்ற முறையில் இவர் தன் ஓட்டுநரை முன்னறிவிப்பின்றிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநர் என்ற முறையில் அந்தச் சோதனைக்குப் போக வேண்டும். கேள்வித்தாளைத் தானே தயாரித்துத் தானே எழுதும் தேர்வில் யாரும் தோற்பதில்லை. அதனால்தான் குலுக்கல் பட்டியலில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்களாவது இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒற்றை லாரிக்காரருக்கு அதில் ஒரே வழிதான்: பலரை ஒரே பட்டியலில் சேர்த்துச் சோதனை நடத்தும் ‘கன்சார்ட்டியம்’ என்ற கூட்டுத் திட்டத்தில் சேர்வது. இந்த ஏற்பாடு தேவையானது, அடிப்படையில் நியாயமானதும்கூட. ஆனால் சந்தா கட்டிச் சான்றிதழை வண்டிக்குள் வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்கள், தொழிலையே இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள். கூட்டுத் திட்டம் வேலையைத்தான் ஏற்றுக்கொள்கிறது. பொறுப்பு ஓட்டுநரிடமே இருக்கிறது, உரிமைகளும் அவரிடமே இருக்கின்றன.

இந்தச் சட்டம் விபத்துகளிலிருந்து பிறந்தது. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்து மாநிலத்தின் சேஸ் என்ற இடத்தில் பயணிகள் ரயில் ஒன்று சரக்கு ரயில் இன்ஜின்களின் மீது மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த இன்ஜின்களை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது பிறகு தெரியவந்தது. 1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் யூனியன் ஸ்கொயர் அருகே தடம் புரண்டு 5 பேர் இறந்தபோது, அதை ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். அதே 1991இல் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான சோதனைச் சட்டம் நிறைவேறியது. விமானம், ரயில், பேருந்து, லாரி எல்லாமே அதற்குள் வந்தன. லாரித் துறையில் சி.டி.எல். என்ற வணிக உரிமம் தேவைப்படும் வண்டிகளுக்கு இது பொருந்தும்: 26,001 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11.8 டன்னும் அதற்கு மேலும் எடை வகுப்புள்ளவை, ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ ஏறும் வண்டிகள், எச்சரிக்கைப் பலகையோடு அபாயகரமான சரக்கு ஏற்றுபவை. சிறு முதலாளிகளுக்காவது விலக்குத் தரக்கூடாதா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்க லாரி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை 10 வண்டிகளோ அதற்கும் குறைவாகவோ வைத்திருப்பவை. அவர்களை விட்டுவிட்டால் சட்டம் பேருக்குத்தான் இருக்கும். தவிர, 80,000 பவுண்டு எடையோடு நெடுஞ்சாலையில் போகும் வண்டி மோதும்போது, அது யாருடைய வண்டி என்பதால் சேதம் குறைந்துவிடப் போவதில்லை.

‘ரேண்டம்’ எனப்படும் குலுக்கல் சோதனைதான் ஓட்டுநர்களிடம் அதிகம் மனக்கசப்பை உண்டாக்குகிறது. “போன தடவையும் நான்தான், இந்தத் தடவையும் நான்தானா?” என்று கேட்பவர்களின் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதில் சதி எதுவும் இல்லை. 2020 ஜனவரி 1 முதல், ஓட்டுநர் எண்ணிக்கையில் குறைந்தது 50 சதவீத அளவுக்குப் போதைப்பொருள் சோதனையும், 10 சதவீத அளவுக்கு மதுச் சோதனையும் ஓராண்டில் நடத்த வேண்டும். 200 பேர் உள்ள ஒரு கூட்டுப் பட்டியலில் காலாண்டுக்கு 25 பேரைக் கணினி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒருவரின் பெயர் வர எட்டில் ஒரு வாய்ப்பு. ஆண்டு முடிவில் சராசரியாக 117 பேருக்கு ஒரு முறைகூட அழைப்பு வந்திருக்காது. ஏறக்குறைய 16 பேர் இரண்டு முறையோ அதற்கு மேலோ போய் வந்திருப்பார்கள். போன காலாண்டில் போனவருக்கும் இந்தக் காலாண்டில் அதே எட்டில் ஒன்றுதான். ‘போய் வந்துவிட்டோம், இனி இந்த ஆண்டு கவலையில்லை’ என்ற நிம்மதி யாருக்கும் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே விதி இப்படி அமைந்திருக்கிறது. முதலாளிக்குப் பிடிக்காதவரைக் குறிவைத்து அனுப்பவும் இதில் இடமில்லை. குலுக்கல் வெளியாள் கையில் இருப்பது அந்த வகையில் ஓட்டுநருக்கும் பாதுகாப்பு.

ஒருவரின் சிறுநீரைக் கேட்டு வாங்குவது அவருடைய அந்தரங்கத்தில் கை வைப்பதில்லையா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒதுக்கவில்லை. ரயில்வே தொழிலாளர்கள் தொடர்பான ஸ்கின்னர் வழக்கில் 1989இல் தீர்ப்பளித்தபோது, இப்படி மாதிரி எடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் நான்காவது திருத்தம் சொல்லும் ‘சோதனையிடல்’தான் என்று அது ஒப்புக்கொண்டது. இருந்தாலும், பொதுமக்களின் உயிரோடு தொடர்புடைய வேலைகளில், ஒருவர் மீது தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலும் அதை நடத்தலாம் என்று கூறியது. இந்த அதிகாரத்துக்கு ஒரு விலை உண்டு. அரசு ஒருவரின் உடலிலிருந்து சான்று எடுக்கிறது என்றால், எடுக்கும் முறையில் பிசகு இருக்கக்கூடாது. பகுதி 40 என்ற நடைமுறை விதித்தொகுப்பு முழுக்க முழுக்க அதற்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஓட்டுநர் தன் உரிமைகளைத் தேட வேண்டிய இடம் அதுவே.

மாதிரி எடுக்கும் இடத்தில் நடப்பதைப் பாருங்கள். குறைந்தது 45 மில்லி லிட்டர் சிறுநீர் தர வேண்டும். தந்த நான்கு நிமிடத்துக்குள் அதன் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை ஓட்டுநரின் கண்ணெதிரிலேயே 30, 15 மில்லி லிட்டராக இரண்டு பாட்டில்களில் பிரித்து ஊற்றி முத்திரை ஒட்ட வேண்டும். அந்த முத்திரைகளில் ஓட்டுநர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். அவசரத்தில் பாட்டிலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுபவர்கள், அந்தச் சிறிய இரண்டாவது பாட்டில்தான் தங்களுக்கான காப்பீடு என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆய்வகம் ‘பாசிட்டிவ்’ என்று சொன்னாலும் அது இறுதி முடிவு ஆகாது. எம்.ஆர்.ஓ. எனப்படும் மருத்துவர் ஓட்டுநரிடம் பேசி, மருத்துவர் எழுதித் தந்த மருந்து போன்ற நியாயமான காரணம் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே முடிவு உறுதியாகும். அதற்கு முன், வெறும் ஆய்வக அறிக்கையை வைத்து ஓட்டுநரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்க, சிறப்பு அனுமதி இல்லாத முதலாளிக்கு உரிமை கிடையாது. முடிவு உறுதியானது என்று எம்.ஆர்.ஓ. சொன்னதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது பாட்டிலை வேறொரு ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லலாம். கையில் பணமில்லை என்று ஓட்டுநர் சொன்னாலும், அந்தச் சோதனை நடப்பதை முதலாளி உறுதிசெய்ய வேண்டும். செலவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது பாட்டில் முதல் முடிவை உறுதிப்படுத்தாவிட்டால் சோதனையே ரத்தாகும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடும் பழக்கம் இங்கே ஆபத்தானது. எம்.ஆர்.ஓ.வைத் தொடர்புகொள்ளும்படி நிறுவனம் சொல்லி 72 மணி நேரம் கடந்தும் பேசாவிட்டால், விசாரணை இல்லாமலே ‘பாசிட்டிவ்’ உறுதியாகிவிடும்.

போதைப்பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் சிக்கும் இடம் ‘மறுப்பு’. அழைப்பு வந்ததும் உடனே புறப்பட வேண்டும். ‘இந்த லோடை இறக்கிவிட்டு நாளை போகிறேன்’ என்பதும், வரிசை நீளமென்று பாதியில் வெளியேறுவதும் மறுப்பாகவே பதிவாகலாம். மறுப்பின் விளைவும் ‘பாசிட்டிவ்’ முடிவின் விளைவும் ஒன்றே. முதலாளியே ஓட்டுநராக இருக்கும்போது, சரியான காரணமின்றி வராததை மறுப்பு என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைக் கூட்டுத் திட்டத்துக்கே விதி தந்திருக்கிறது. வெளியூரில் இருந்தால் அதை உடனே தெரிவித்து, அருகிலுள்ள மையத்தின் முகவரியைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். போதிய சிறுநீர் வராவிட்டால் பதற வேண்டாம்: மூன்று மணி நேரம் வரை அவகாசமும், 40 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.2 லிட்டர் வரை குடிக்க நீரும் உண்டு. அதன் பிறகும் முடியாமல் போனால், மருத்துவக் காரணம் இருக்கிறதா என்று பரிசோதிக்க வழி உண்டு. இடையில் எழுந்து போனால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டின் மீதான குற்றச்சாட்டுகளில் மிக வலுவானது கஞ்சாவைப் பற்றியது. சிறுநீர்ச் சோதனை, ஒருவர் அந்த நேரத்தில் போதையில் இருந்தாரா என்பதைச் சொல்லாது; முன்பு எப்போதோ பயன்படுத்தியதைத்தான் சொல்லும். தொடர்ந்து பயன்படுத்துபவரின் உடலில் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும். விடுமுறையில் செய்ததற்கு வேலை போவது நியாயமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மதுவில் அந்தச் சிக்கல் இல்லை: பெரும்பாலான மாநிலங்களில் கார் ஓட்டுநருக்கு மது அளவு 0.08 என்ற வரம்பு, லாரி ஓட்டுநருக்கு 0.04; அவர் 0.02ஐ எட்டினாலே 24 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது. கஞ்சாவுக்கு இப்படி நம்பத்தகுந்த போதை அளவுகோல் இன்னும் இல்லை. அது வரும்வரை, சந்தேகத்தின் பலனை ஓட்டுநருக்குத் தருவதா, எதிரே வரும் காரில் இருக்கும் குடும்பத்துக்குத் தருவதா என்றால், சட்டம் குடும்பத்தின் பக்கம் நிற்கிறது. அது தவறல்ல என்றே சொல்வேன். அண்மைப் பயன்பாட்டை இதைவிட நன்றாகக் காட்டும் எச்சில் சோதனைக்கு 2023இல் விதி இடம் தந்ததும் சரியான திசையில் ஓர் அடி. ஆனால் குறைந்தது இரண்டு ஆய்வகங்களாவது அங்கீகாரம் பெற்ற பிறகே அதைப் பயன்படுத்த முடியும் என்பது நிபந்தனை. இப்போதைய விதியில் மாநிலம் அனுமதித்ததும், மருத்துவர் பரிந்துரைத்ததும் செல்லாது, சி.பி.டி. எண்ணெய்தான் பயன்படுத்தினேன் என்ற விளக்கத்தையும் எம்.ஆர்.ஓ. ஏற்க மாட்டார். கனடாவிலிருந்து எல்லை தாண்டி ஓட்டும் தமிழர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2018 அக்டோபர் 17 முதல் அங்கே கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. லாரி ஓட்டுநர்களுக்கு நாடு தழுவிய கட்டாயக் குலுக்கல் சோதனையும் அங்கே இல்லை. ஆனால் சரக்கோடு அமெரிக்க மண்ணில் ஓட்டுபவருக்கு அமெரிக்க விதிதான். டொராண்டோவில் சட்டப்படி வாங்கியது என்ற ரசீது அமெரிக்காவில் உதவாது.

கூட்டுத் திட்டத்தில் சேர்ந்த பிறகும் ஒற்றை முதலாளியின் தலையில் இருக்கும் வேலைகள் சில. 2020 ஜனவரி 6 முதல் இயங்கும் ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற மத்தியப் பதிவேட்டில் அவர் பதிவுசெய்து, தன் கூட்டுத் திட்டம் எது என்று அதில் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தன் பெயரையே அதில் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு தேடலுக்கு 1.25 டாலர், தேடும் வேலையைக் கூட்டுத் திட்டம் செய்தாலும், அதற்கான கட்டணத் திட்டத்தை முதலாளியே வாங்க வேண்டும். சந்தா காலாவதியாகிப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால், அன்று முதல் அவர் விதியை மீறியவர். புதிய நிறுவனங்களுக்கான பாதுகாப்புத் தணிக்கையில் சோதனைத் திட்டமோ குலுக்கல் ஏற்பாடோ இல்லை என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தோல்விதான். வேறொரு நிறுவனத்துக்கு வண்டியை லீசுக்கு விட்டு அவர்களுக்காக ஓட்டும்போது அந்த நிறுவனத்தின் திட்டத்துக்குள் வருவார். சொந்த அனுமதியில் ஓட்டத் தொடங்கும் நாளில் சொந்த ஏற்பாடு வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

மீறல் பதிவாகிவிட்டால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் திரும்பும் பாதை நீளமானது. எஸ்.ஏ.பி. எனப்படும் தகுதிபெற்ற ஆலோசகரின் மதிப்பீடு, அவர் சொல்லும் சிகிச்சையோ பயிற்சியோ, மறு மதிப்பீடு, வேலைக்குத் திரும்பும் முன் நேரடிக் கண்காணிப்பில் மாதிரி எடுத்துச் செய்யும் சோதனை, பிறகு முதல் 12 மாதங்களில் குறைந்தது ஆறு தொடர் சோதனைகள். இந்தச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்றோ, பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்றோ விதியில்லை. 2024 நவம்பர் 18 முதல், இந்தப் பாதையில் வேலைக்குத் திரும்பும் சோதனை வரை முடிக்காமல் தடையில் இருப்பவரின் சி.டி.எல். உரிமத்தையே மாநிலங்கள் தரமிறக்குகின்றன. பதிவு ஐந்து ஆண்டுகளோ, பாதை முடியும் வரையோ, எது பிந்தியதோ அதுவரை நிற்கும். பதிவில் தகவல் பிழை இருந்தால் மனு கொடுக்கலாம். 45 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், பிழையால் வேலை தடைப்பட்டிருந்தால் விரைவு மனு போட்டு 14 நாட்களில் கேட்கலாம். ஆய்வக முடிவே தவறு என்று வாதிட அந்த மனு பயன்படாது. அதற்கான இடம் 72 மணி நேரத்தில் மூடிவிடும் இரண்டாவது பாட்டில்தான். தன் சோதனைக்குரிய ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறும் உரிமையும் ஓட்டுநருக்கு உண்டு. மாதிரி எடுப்பவரோ கூட்டுத் திட்டமோ விதிகளைக் கடுமையாக மீறினால், அவர்களை ஐந்து ஆண்டு வரை இந்த வேலையிலிருந்து விலக்கிவைக்கப் போக்குவரத்துத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. புகார் கொடுப்பது வீண் வேலை அல்ல. பழக்கத்திலிருந்து மீள விரும்புபவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது: நிறுவனத்திடம் எழுத்து வடிவிலான தன்னார்வ ஒப்புதல் கொள்கை இருந்தால், சோதனை அழைப்பு வரும் முன்பே தானாக முன்வந்து சொல்பவரை மீறியவராகப் பதிவுசெய்யாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம். அழைப்பு வந்த பிறகு அந்தக் கதவு திறக்காது.

கூட்டுத் திட்டம் ஒற்றை லாரிக்காரர்களையும் ஆயிரம் லாரி வைத்திருப்பவர்களையும் ஒரே விதிக்குள் நிறுத்துகிறது. அதுதான் அதன் நியாயம். ஆனால் ஆயிரம் லாரிக்காரரிடம் இதைக் கவனிக்க ஓர் அலுவலகமே உண்டு, ஒற்றை லாரிக்காரரிடம் அவர் மட்டும்தான் உண்டு. ஆகவே கெடுக்களை அவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சந்தா புதுப்பிக்கும் தேதி, கிளியரிங்ஹவுஸ் தேடலை முடிக்க வேண்டிய தேதி, கூட்டுத் திட்டத்தின் தொலைபேசி எண், சாப்பிடும் மருந்துகளுக்கான சீட்டுகளின் நகல் ஆகிய நான்கையும் இன்றே ஓர் இடத்தில் சேர்த்து வையுங்கள். சோதனைக்கு அழைப்பு வந்த பிறகு இவற்றைத் தேட நேரம் இருக்காது.