வார்டு மெம்பரின் அதிகாரம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, குமாரர் கோயிலும் சிற்றாற்றுப் பாசன வயல்களுமாக அமைந்த இலஞ்சிப் பேரூராட்சியில், குழாயில் தண்ணீர் வராத காலைப்பொழுதில் குடமும் கையுமாக ஜனங்கள் போய் நிற்பது பக்கத்துத் தெரு வார்டு மெம்பரின் வாசலில்தான்.

அவராலோ தாமாக ஒரு குழாயையும் மாற்றிவிட இயலாது. மன்றக் கூட்டத்தில் பொருள் வைத்து, தீர்மானமாகி, எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, நிதியும் வந்தாலன்றி ஒரு வாறுகால்கூடக் கட்டப்படுவதில்லை. அவ்வளவையும் நடத்திக்கொடுக்கும் செயல் அலுவலரோ சர்க்கார் உத்தியோகஸ்தர், மெம்பருக்குக் கட்டுப்பட்டவரல்லர். பிரதான சாலையில் பள்ளம் விழுந்தால் அது பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையின் சங்கதி. ஆயினும் வசவு விழுவது மெம்பர் தலையில். 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கென 18 காரியங்களைப் பட்டியலிட்டது மெய்யே. அவற்றில் எவற்றை எவ்வளவு ஒப்படைப்பதென்பதை மாநில அரசின் சித்தத்துக்கே விட்டுவிட்டது.

அந்த ஸ்தானமே சில காலம் சூனியமாகக் கிடந்ததும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடக்கும்வரை, தமிழகத்துப் பேரூராட்சிகள் தனி அலுவலர்கள் வசமே இருந்தன. முறையிட ஒரு வாசற்படிகூட இல்லாத அந்த ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எண்ணினால், அதிகாரமில்லாத மெம்பரும் ஒரு பாக்கியமே என்று தோன்றுகிறது.

2011இல் ஜனங்களே பேரூராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் அந்த உரிமை மெம்பர்களிடம் வந்தது. இதனால் மெம்பருக்கு மதிப்பு ஏறியது. தலைவருக்கோ நித்திய கண்டம். பக்கத்துத் திருநெல்வேலி மாநகராட்சியில், மேயர் பி.எம். சரவணன்மீது 2024 ஜனவரியில் சொந்தக் கட்சி மாமன்ற உறுப்பினர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூட்டத்துக்கு எவரும் வராமையால் அது விழுந்தது. எனினும் ஜூலையில் அவர் ராஜினாமாச் செய்ய, ஆகஸ்டில் ஜி. ராமகிருஷ்ணன் மேயரானார்.

ஸ்தானங்களில் சரிபாதி இப்போது பெண்களுக்கு. மெம்பர் நாற்காலியில் மனைவி, பேச்சு கணவருடையது என்னும் வழக்கமும் பல ஊர்களில் கூடவே வந்திருக்கிறது. அந்த அம்மாள்கள் பைலைத் தாமே கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கினால் பாதி உபத்திரவம் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

சம்பாத்தியத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுவார்கள். சட்டப்படி கிடைப்பது, 2023 ஜூலை முதல், பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். அதற்கு முன் கூட்டப்படி மாத்திரமே. கோயில் கொடைக்கு நன்கொடை, சடங்கு வீட்டுக்கு மொய், தென்காசி கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோகும் பெட்ரோல் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். ஆவணி முகூர்த்தங்களில் அதுவும் முடியாது.