கரிசல் வெளி – 17: பெட்டி தேடிப் போகிறவருக்குத் துப்பாக்கி எதற்கு?

ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ஆம் தேதி நீக்கியது. அதுவரை ஏறக்குறைய நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த சாதாரணக் கருவிகள் ஒரே இரவில் நம்பகமானவையாகிவிட்டன. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் பாதி புதைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு, நோட்டில் பெயர் எழுதிவிட்டு வரவேண்டும். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு பிறந்த கதை இதுதான். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த விளையாட்டில் திளைக்கும் அமெரிக்கர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு: பெட்டி தேடிக் காட்டுக்குள் போகும்போது இடுப்பில் துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா? அங்கே 2010 பிப்ரவரி முதல் தேசியப் பூங்காக்களுக்குள்ளும், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால், துப்பாக்கியோடு போகலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் குமாரலிங்கபுரம் என்றால் இப்போது செய்தித்தாள் படிப்பவர்களுக்கு 1,052 ஏக்கர் ஜவுளிப் பூங்காதான் நினைவுக்கு வரும். அந்த வேலிக்கு வெளியே, அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி வரைக்கும், பருத்தியும் மக்காச்சோளமும் மல்லியும் விளையும் மானாவாரி நிலமும் சீமைக்கருவேலக் காடும் கண்மாய்க்கரைகளும் மாறி மாறிக் கிடக்கின்றன. கல்வெட்டு தேடி, பறவை பார்க்க, சும்மா நடக்க என்று இந்த வெளிக்குள் வருகிறவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டி தேடுகிறவர்களும் வருவார்கள். அமெரிக்கரின் கேள்வியை இங்கே யாரும் அப்படியே கேட்பதில்லை. ஆனால், 'தனியா காட்டுக்குள்ள போறீகளே, கையில ஏதாச்சும் வேண்டாமா?' என்று கேட்காத ஊர் இல்லை. அந்த 'ஏதாச்சும்' துப்பாக்கியாக இருக்கலாமா என்பதுதான் இந்த வாரத்து விஷயம். கூடாது என்பது என் கட்சி. அகிம்சையை வைத்து அதைச் சொல்லப்போவதில்லை. இந்த நிலத்தை வைத்தே சொல்லலாம்.

இங்கே நடந்து போகிறவரை எது கொல்லும்? புலியும் யானையும் கரடியும் மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இருக்கின்றன. கரிசல் காட்டில் ஆளை வாங்குபவை வேறு. கைபேசித் திரையைப் பார்த்தபடியே நடப்பவர் காலடியில் திறந்திருக்கும் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு, ஐப்பசி மாதத்து மதியத்தில் பனைமரத்தைத் தவிர உயரமாக எதுவுமே இல்லாத வெட்டவெளியில் இறங்கும் இடி, சித்திரை வெயில், பன்றிக்காகக் கள்ளத்தனமாக இழுத்துவிட்ட மின்வேலி, அதே பன்றிக்காகத் தீனிக்குள் பொதிந்து போட்டிருக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி. இவற்றில் ஒன்றையாவது சுட முடியுமா? கடைசி இரண்டும் மனிதன் வைத்தவை என்பதையும் கவனிக்கவேண்டும்.

மிச்சமிருப்பது பாம்பு. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெட்டி தேடும் விளையாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பெட்டியை எங்கே ஒளிப்பார்கள்? கல்லிடுக்கில், மரப்பொந்தில், இடிந்த மண்டபத்தின் சந்தில். சுருட்டை விரியன் பகலில் படுத்திருக்கும் இடமும் அதுவேதான். ஒரு முழம், ஒன்றரை முழம் நீளம்தான் இருக்கும். கல்லும் மண்ணும் கலந்த நிறம். மிரண்டால் உடலை மடித்து மடித்து உரசி, ரம்பம் அறுப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் காதில் விழுவதற்குள் விரல் இடுக்குக்குள் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாம்பை யாரும் சுட முடியாது. தெரிந்துவிட்ட பாம்பைச் சுடவேண்டிய அவசியமே இல்லை, இரண்டடி பின்னால் வந்தால் போதும். பாறைமேல் கிடக்கும் பாம்பைச் சுட்டால் குண்டு தெறித்து எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. இடுக்கைக் கிளறிப் பார்க்க ஒரு கம்பு, உள்ளே அடித்துப் பார்க்க ஒரு டார்ச், செருப்புக்குப் பதில் கணுக்காலை மூடும் காலணி: பாம்பு விஷயத்தில் ஆயுதம் என்றால் இவைதான்.

சரி, காட்டுப்பன்றி இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மக்காச்சோளம் போட்ட சம்சாரிகள் பன்றியால் படும்பாடு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பொய்யில்லை. ஆனால் விவசாயிக்கும் நடந்து போகிறவருக்கும் பன்றி ஒன்றல்ல. விவசாயிக்கு அது கதிரைத் தின்கிற எதிரி. நடப்பவர் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் புதருக்குள் ஓடிவிடும். குட்டியோடு இருக்கும் பெட்டையும் காயம்பட்ட ஆணும்தான் பாயும். காயத்தை உண்டாக்குவது பல நேரம் துப்பாக்கியே. நம் பக்கத்தில் 'துப்பாக்கி' என்று கையில் கிடைப்பதும் என்ன? குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, சக்கையை அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, கம்பியால் குத்திக் கெட்டித்து, கேப்பு மாட்டிச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு வெடிதான், அடுத்த வெடிக்குப் பன்றி காத்திருக்காது.

நல்ல துப்பாக்கியாகவே இருந்தால்? அதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் துப்பாக்கிக்குப் பஞ்சமே இல்லாத அலாஸ்காவிலிருந்து. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெர்ரேரோ உள்ளிட்டோர் 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடி மோதல்களை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். துப்பாக்கி பல தடவை கரடியைத் தடுத்திருக்கிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்களில், அதைச் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்படுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. எடுக்க நேரமில்லை, குறி தவறியது, குண்டு சிக்கியது என்று காரணங்கள். மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் ஸ்பிரேயை வைத்திருந்தவர்களை அதே ஆய்வாளர்கள் 2008-இல் தனியாக ஆராய்ந்தபோது, அவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். நானூறு கிலோ கரடி முன்னாலேயே இந்த நிலைமை என்றால், ஓடத் தயாராக நிற்கும் பன்றிக்கு முன்னால் துப்பாக்கிக்கு என்ன வேலை?

அடுத்து, சுட்ட குண்டு எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் எங்கிருந்தோ வந்த குண்டு பாய்ந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பசுமலைப்பட்டித் துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சில நாள் சிகிச்சைக்குப் பிறகு 2022 ஜனவரி 3-ஆம் தேதி தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அந்தப் பையன் இறந்தான். பயிற்சி பெற்றவர்கள், அதற்கென ஒதுக்கிய இடம், பின்னால் மலை என்று எல்லாம் இருந்த இடத்தின் கதை இது. மலையே இல்லாத, தட்டாகக் கிடக்கும் திருச்சுழிச் சீமையில் பெட்டி தேடிப் போன ஒருவர் பதற்றத்தில் சுட்டால்? சீமைக்கருவேலப் புதரை வெறும் புதர் என்று நினைப்பவர் வெளியூர்க்காரர். அதற்குள் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருப்பார்கள். விறகு வெட்டும் பெண்கள் இருப்பார்கள். கதிர் அறுத்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்ட கீதாரி துண்டை விரித்துப் படுத்திருப்பார். யாரும் இல்லாத வெளி என்று ஒன்று இங்கே கிடையாது. துப்பாக்கியைச் சுமப்பவர் தன் பயத்தைக் குறைத்துக்கொள்வதற்காக இவர்கள் தலையில் ஆபத்தை ஏற்றுகிறார்.

மிருகத்துக்காக அல்ல, மனிதருக்காகத்தான் துப்பாக்கி என்பது கடைசி வாதம். அமெரிக்கர்களும் மனம்விட்டுப் பேசினால் அங்கேதான் வந்து நிற்பார்கள். தனியாகப் போகிறவரை, அதிலும் பெண்ணை, வழிமறித்தால் என்ன செய்வது? இந்த வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் அந்நியர்தான் ஊராருக்குச் சந்தேகம் தருகிறவர். ஊரார் அந்நியருக்கு அல்ல. 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சின்ன ஊரில், ஒருவர் தெருவோரம் எதையோ ஒளித்து வைப்பதைப் பார்த்தவர்கள் போலீசுக்குச் சொல்ல, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்கவைத்தார்கள். அது ஜியோகேச்சிங் டப்பா. நம் ஊரில் சந்தேகம் இதைவிடப் பயங்கரமானது. 2018 மே 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பம் ஒன்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அந்தக் காரில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? கூட்டத்தின் சந்தேகத்தை உறுதிப்படுத்தியிருக்கும். 1957 முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத வட்டாரத்துக்குப் பக்கத்தில், முகம் தெரியாத ஆள் துப்பாக்கியோடு இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்து போனால், அவர் எந்தப் பெட்டியைத் தேடுகிறார் என்று யாரும் நின்று கேட்கமாட்டார்கள்.

சட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், சட்டம் தடுக்கிறது என்பதோடு பேச்சை முடித்துவிடக்கூடாது என்பதே. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை. வனவிலங்குச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் எந்த ஆயுதத்தோடும் நுழையக்கூடாது என்கிறது. ஆக, நிஜமாகவே கொடிய விலங்கு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச் சரணாலயத்துக்குத் துப்பாக்கி போகாது. போக முடிந்த கரிசலில் அதற்கான விலங்கு இல்லை. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினி தென்சீமையின் ஆயுதங்களைப் பறித்தது, 1878 சட்டம் இந்தியர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியது, இன்றைய கட்டுப்பாடு அந்த அடிமைத்தனத்தின் மிச்சம் என்று வாதிடுவோர் உண்டு. வரலாறு சரி. ஆனால் வெள்ளைக்காரன் கெட்ட நோக்கத்தோடு எடுத்த ஒன்றை நல்ல காரணம் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்று இல்லை. குடகில் கொடவர்கள் உரிமமில்லாமல் வைத்திருக்கிறார்களே என்றால், அந்த விலக்கு வழிவழியாக அந்த மண்ணோடும் சடங்கோடும் பிணைந்தது. ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணிக்கு அதில் பங்கில்லை.

விவசாயியை இதே தராசில் நிறுக்கமாட்டேன். பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் தரலாம் என்று அதே ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. தன் புஞ்சையில் எந்த மூலையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பை விவசாயியிடம் கொடுக்காமல் வனத்துறையிடமே கொடுத்தது. அது போதுமா என்பது தனிச் சண்டை, அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் மலையேற்றத்துக்கு வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் கருவியை முன்னனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். குமாரலிங்கபுரத்துக்குச் சாதாரணக் கைபேசியும் 108-உம் போதும். பெட்டியை ஒளிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையை உள்ளே விடவேண்டிய பொந்தில் வைக்காதீர்கள், நிலத்துக்காரரிடமும் விஏஓவிடமும் சொல்லிவிட்டு வையுங்கள், இது என்ன, யார் வைத்தது என்று மூடிமேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.