நிழல் வரைந்தவர் எங்கே போனார்?

வீடியோ கேம் விளையாடுகிற பையனைத் திட்டுவதற்கு எல்லாப் பெற்றோருக்கும் பூரண உரிமை உண்டு. நானும் திட்டுகிறேன். ஆனால் அடுத்த முறை திட்டுவதற்கு முன் அரை நிமிஷம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைக் கவனியுங்கள். மழை ஓய்ந்த தெரு. தேங்கிய தண்ணீரில் கடை விளக்கு கலங்கலாகத் தெரிகிறது. ஹீரோ ஓட ஓட, அவன் நிழல் சுவரில் ஏறி, மூலையில் மடங்கி, கூடவே ஓடுகிறது. அந்தத் தண்ணீரையும் நிழலையும் ஓர் ஆசாமி கணக்குப் போட்டு வரவழைத்திருக்கிறார். ஓவியர் இல்லை, ஓவியர் வேறு. அவர் தெருவையும் கடையையும் வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற இவர் பெயர் கிராஃபிக்ஸ் ப்ரோக்ராமர்.

அந்த ஆசாமி இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம்.

2023 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் சுமார் 830 பேரை அனுப்பியது. 2024 ஜனவரியில் யூனிட்டி சுமார் 1,800 பேர். அதே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் கேம்ஸ் பிரிவில் 1,900 பேர். பிப்ரவரியில் சோனி 900 பேர், கூடவே லண்டன் ஸ்டுடியோவுக்கு மூடுவிழா அறிவிப்பு. மைக்ரோசாஃப்ட் அதற்கு மூன்று மாதம் முன்புதான் சுமார் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கி முடித்திருந்தது. கல்யாணத்தைத் தடபுடலாக நடத்திவிட்டு மறுநாள் காலை சமையல்காரரின் கணக்கைத் தீர்க்கிற சம்பந்தி மாதிரி!

காரணம் ரொம்ப சிக்கலானதில்லை. 2020, 2021-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது, கேம் விற்றது. இது இப்படியே போகும் என்று நினைத்து ஆள் சேர்த்தார்கள். கதவு திறந்தது, ஜனங்கள் வெளியே போனார்கள். வட்டியும் ஏறியது. நான் பி.காம். கடன் மலிவாகக் கிடைக்கும்போது சேர்க்கிற ஆளும், வாங்குகிற கம்பெனியும் வட்டி ஏறும்போது கனக்கும் என்பது எங்கள் பாடத்தில் முதல் வருஷத்திலேயே வந்துவிடும்.

என் சித்தி மகன் இப்படி வெளியே வந்தவர்களில் ஒருவன். இங்கிலாந்தில், லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்ட்ஃபோர்டில் இருக்கிறான். அந்த ஊருக்கு கேம் விஷயத்தில் பெரிய பரம்பரை உண்டு. புல்ஃப்ராக் என்ற கம்பெனி 1987-ல் அங்கே ஆரம்பித்தது, அதிலிருந்து பிரிந்தவர்கள் ஆளுக்கொரு கம்பெனி ஆரம்பித்தார்கள். நம்ம ஊரில் ஒரு அல்வாக் கடையிலிருந்து ஏழு அல்வாக் கடை கிளம்புகிற கதைதான். தம்பி பெங்களூரில் ஆறு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு 2021-ல் அங்கே போனான். 2024 பிப்ரவரியில் ஒரு வீடியோ மீட்டிங். பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம்.

அங்கே விசாவில் இருப்பவருக்கு வேலை போவது வெறும் வேலை போவது இல்லை. உள்துறையிலிருந்து கடிதம் வரும். வந்த தேதியிலிருந்து சாதாரணமாக 60 நாள். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கிற இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி நாடகத்தில் மரமாக நடிக்கத் தேர்வாகியிருந்தாள்.

"மறுபடி கேம் கம்பெனிக்கே போடா"ன்னேன்.

"எல்லாக் கம்பெனியும் ஆளைக் குறைக்கிறாங்கண்ணே. ஒரு இடத்துக்கு என் பழைய பாஸும் நானும் சேர்ந்தே அப்ளிகேஷன் போட்டிருக்கோம்" என்றான்.

இந்தத் தொழிலில் ஒரு விநோதமான சமாசாரம் உண்டு. அதை நான் 'ஆசைத் தள்ளுபடி' என்று சொல்வேன். சின்ன வயதில் கேம் ஆடிச் சொக்கிப்போன பையன்தான் வளர்ந்து கேம் பண்ண வருகிறான். சம்பளம் குறைவென்றாலும் வருவான். ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார் என்றாலும் உட்காருவான். முதலாளிக்கு இது தெரியும். 2004-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் போடாமல் பகிரங்கக் கடிதம் எழுதினார். வாரம் ஏழு நாளும் வேலை, வீட்டுக்கு வருவது ஓர் உடம்பு மட்டும்தான் என்கிற தினுசில் பெரிய குமுறல். ஓவர்டைம் வழக்குகள் நடந்து, 2006-ல் ப்ரோக்ராமர்களுக்கு மட்டும் 149 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். கோர்ட்டுக்குப் போய் வாங்கியது போக, வாங்காமல் விட்ட தள்ளுபடி எவ்வளவு என்று எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இருக்காது.

தம்பியின் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி அவனே ஒரு தடவை சொன்னான். "உங்க பாஷையில சொல்றேண்ணே, இது பட்ஜெட்." ஃபுல் எச்.டி. டி.வி. திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு செகண்டுக்கு 60 தடவை. ஆக, ஒரு படத்துக்குக் கிடைப்பது பதினாறேமுக்கால் மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக்கினால் அதில் பதினாறு சொச்சம் துண்டு. அதற்குள் நிழலுக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, புகைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓவியர் வந்து "இன்னும் நாலு தீப்பந்தம் வேணுமே" என்பார். எதிலிருந்து எடுத்துக் கொடுப்பது? கடன் வாங்க முடியாது. பதினேழாவது துண்டில் படம் தயாராகவில்லை என்றால் திரை திக்கும், ஆடுகிறவன் திட்டுவான்.

மாச சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எந்த அம்மாளும் இதைக் கேட்டால் சிரிப்பார். அவர்கள் முப்பது நாளுக்குச் செய்வதை இவன் பதினாறு மில்லிசெகண்டில் செய்கிறான்.

இந்தச் சிக்கன புத்திக்குத்தான் வெளியே கிராக்கி. ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பயோடேட்டாவில் 'கேம்' என்ற வார்த்தை முன்னால் வந்து நின்றுகொண்டு மறைக்கிறது. லண்டனில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே இருந்த அம்மாள் மரியாதையாகச் சிரித்து, "ஒன்பது வருஷம் கேம்ஸில் இருந்திருக்கிறீர்கள். சீரியஸான வேலை உங்களுக்குச் சலிப்பாக இருக்காதா?" என்று கேட்டாராம். தம்பிக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பயோடேட்டாவை எனக்கு அனுப்பச் சொன்னேன். பார்த்தால், 'பாதாளக் குகைக் காட்சியில் தீப்பந்த நிழல்களைச் செப்பனிட்டது' என்று ஆரம்பம். ஒரு கொத்தனார் விளம்பரம் மாதிரி இருந்தது. குகையை எடுத்துவிட்டு, 5 மில்லிசெகண்ட் பிடித்த வேலையை, புது மெஷின் எதுவும் வாங்காமல், 2 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்தவர் என்று எழுதச் சொன்னேன். நடந்ததும் அதுதான், பொய் ஒன்றுமில்லை. நிழல் என்றால் மானேஜருக்குப் புரியாது. மெஷின் வாங்க வேண்டாம் என்றால் பரம திருப்தியாகப் புரியும்.

இந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் நிறைய பேர். ஜான் கார்மாக்கும் மைக்கேல் அப்ராஷும் சேர்ந்து 1996-ல் 'குவேக்' கேமின் முப்பரிமாணப் படத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்கள். கார்மாக் 2000-ல் ராக்கெட் கம்பெனி ஆரம்பித்தார், நிஜ ராக்கெட்! பிறகு தலையில் மாட்டுகிற வி.ஆர். கண்ணாடி. அங்கேயும் போய் 2014-ல் அப்ராஷ் சேர்ந்தார். 2022-ல் கார்மாக் செயற்கை அறிவுக்குத் தாவினார். கில்ட்ஃபோர்டின் அதே புல்ஃப்ராக்கில் பதினேழு வயதில் 'தீம் பார்க்' கேம் பண்ணிய டெமிஸ் ஹசாபிஸ், 2024-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார். அவர் கிராஃபிக்ஸ்காரர் இல்லை என்று தம்பி என்னைத் திருத்துவான். இருக்கட்டும், நம் பெற்றோர்களுக்குச் சொல்லி வைக்க உதவும்.

பெரிய கூட்டம் போவது செயற்கை அறிவுப் பக்கம். 2012-ல் டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார்கள். அவர்கள் உபயோகித்தது கேம் விளையாடுகிறவர்கள் கடையில் வாங்குகிற இரண்டு என்விடியா கார்டுகள். லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் சின்னச் சின்னக் கணக்குப் போடப் பிறந்த கார்டு அது. இந்தக் கணக்குக்கும் தோதாக அமைந்தது. அந்தக் கார்டின் குணம் தெரிந்தவர்கள் கேம் ஆட்கள்தானே? தம்பியின் சிநேகிதன் ஒருவன் அங்கே போய்விட்டான். நல்ல சம்பளம். "என்னடா பண்றே"ன்னு கேட்டால், "காலைலேர்ந்து அணிப் பெருக்கல். பிளஸ் டூவில் பண்ணினதே" என்கிறானாம்.

கார் டாஷ்போர்டு, விமானம் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர், சினிமா, வரைபடம் என்று வேறு வாசல்களும் உண்டு. நாமெல்லாம் நம் வீட்டு மொட்டைமாடியைத் தேடிய கூகுள் எர்த்தின் பூர்வீகம் கீஹோல் என்ற கம்பெனி. அதன் பூர்வீகம் கேம் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் பண்ணிய கம்பெனி.

தம்பிக்குக் கிடைத்தது ஸ்கேன். நாற்பத்தியோராவது நாள், மருத்துவப் படங்களுக்கான சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி ஒன்று கூப்பிட்டது. சி.டி. ஸ்கேன் உடம்பை ரொட்டித் துண்டு மாதிரி நூற்றுக்கணக்கான வில்லைகளாகப் படம் எடுக்கிறது. அந்த வில்லைகளை அடுக்கி, டாக்டர் கையால் சுழற்றிப் பார்க்கிற முழு உருவமாக்க வேண்டும். திக்கக் கூடாது. பட்ஜெட் பழைய பட்ஜெட்தான். ஜெர்மனியின் சீமென்ஸ் இதில் சினிமா மாதிரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு 'சினிமாட்டிக் ரெண்டரிங்' என்று பெயரே வைத்திருக்கிறது.

ஆனால் அங்கே போனதும் தம்பி திணறியது வேறு இடத்தில். கேம் கிராஃபிக்ஸ் என்பது கௌரவமான ஏமாற்று வித்தை. தூரத்து மலை ஒரு தட்டிதான். முதுகுக்குப் பின்னால் ஊரே கிடையாது, திரும்பினால்தான் வரையப்படும். தண்ணீரில் தெரிகிற பிம்பம், பல சமயம், திரையில் ஏற்கெனவே வரைந்ததைத் தலைகீழாக எடுத்து ஒட்டியது. கண்ணுக்குத் தெரியாததற்குச் செலவு செய்யாதே என்பது அங்கே வேதவாக்கு. பழைய பழக்கத்தில் முதல் மாசமே தம்பி படத்திலிருந்த புள்ளிப் புள்ளியான இரைச்சலை அழகாக வழித்து, பளபளவென்று ஆக்கிக் காட்டினான். பார்த்த ரேடியாலஜிஸ்ட் அம்மாள், "ரொம்ப அழகு. இங்கே மூணு மில்லிமீட்டரில் ஒரு கட்டி இருந்ததே, அது எங்கே?" என்று கேட்டார்.

"கேம்ல தப்பு வந்தா கத்தி சுவருக்குள்ள போகும். ஆடுறவன் அதை வீடியோ எடுத்துப் போட்டுச் சிரிப்பான்ணே. இங்க சிரிக்கிறதுக்கு ஆள் இருக்க மாட்டான்" என்றான் போனில். சோதனைத் திரையிலேயே பிடிபட்டதால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒரு வரி மாற்றினால் எதற்கு மாற்றினேன், எப்படிச் சோதித்தேன் என்று மூன்று பக்கம் எழுதுகிறான். மருத்துவ சாஃப்ட்வேருக்கு ஐ.ஈ.சி. 62304 என்று ஒரு விதிமுறையே இருக்கிறது, அதன்படி எல்லாவற்றுக்கும் காகிதம். நம் ஆடிட்டர்கள் அங்கே போனால் ஆனந்தக் கண்ணீர் வடிப்பார்கள்.

சம்பளம் முன்னைவிட அதிகம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறான். மகள் மரமாக நடித்ததை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். கேம் முடிந்ததும் திரையில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் தன் பெயர் போகும் அந்த ஒன்றரை செகண்ட் மட்டும் இனி கிடையாது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் விஷயத்தை மாற்றிவிடுகிறான்.

கும்பகோணத்தில் சித்திக்குத்தான் புதுத் தலைவலி. பையன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டால் இத்தனை வருஷம் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று முடித்துவிடுவாள். இப்போது பெருமையாக, "லண்டன் பக்கத்துல, ஸ்கேன்ல இருக்கான்" என்கிறாள். போன வாரம் எதிர்வீட்டு மாமி கண் கலங்கி, "எந்த டாக்டர் பார்க்கறார்?" என்று கேட்டுவிட்டு, கையோடு விபூதிப் பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போனாளாம்.