இரட்டையரும் மனச்சோர்வும்

ஒத்த இரட்டையர் ஒரே கருமுட்டையிலிருந்து உருவாவதால் அவர்களின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுமையாக ஒன்றே. மற்ற இரட்டையரோ சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கின்றனர். இவ்விரு சாராரையும் ஒப்பிட்டே, நடத்தையில் பிறப்பின் பங்கும் சூழலின் பங்கும் மதிப்பிடப்படுகின்றன. கொழும்பு மாவட்டத்தில் 2005 முதல் 2007 வரை நடந்த இத்தகைய ஓர் ஆய்வில் ஏறத்தாழ 4000 இரட்டையர் கலந்துகொண்டனர். பேராசிரியர் அத்துல சுமதிபால இதன் முன்னோடிகளுள் ஒருவர். மனச்சோர்வில் பெண்களிடம் மரபணுவின் செல்வாக்குக் கணிசமாகத் தென்பட்டது. ஆண்களிடம், சற்று வியப்பாக, பெரும்பாலும் சூழலே. இந்த மதிப்பீடுகள் ஒரு மக்கள் தொகுதிக்குரியவை. தனியொருவரின் துயரத்தில் இத்தனை வீதம் பரம்பரை என்று கணக்கிட அவை உதவமாட்டா.