வருமான வரி கெடு: வாட்ஸ்அப் புரளியை நம்பினால் 5 ஆயிரம் ரூபாய் அம்போ!

2025-ம் வருடம் செப்டம்பர் 14-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. வருமான வரி கணக்கு தாக்கல் செய்ய மறுநாள்தான் கடைசி நாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சேதி செல்போனுக்கு செல்போன் பறந்தது. “கெடு 30-ந்தேதி வரை நீட்டிப்பு!”

சேதி பொய். சுத்தப் பொய்!

வருமான வரி இலாகா உடனே மறுத்தது. 15-ந்தேதிதான் கெடு, 30-ந்தேதி என்று சுற்றி வருவது போலிச் சேதி, யாரும் நம்பாதீர்கள் என்று அறிவித்தது.

யாரோ ஓர் ஆசாமி கிளப்பி விட்ட புரளி. அதை நம்பி, “இன்னும் 15 நாள் இருக்கே” என்று காலை நீட்டிப் படுத்தால் என்ன ஆகும்? 5 ஆயிரம் ரூபாய் தண்டம் கட்ட வேண்டியதுதான்!

ஒரு நாள் தர்மம்

இதிலே ஒரு வேடிக்கை நடந்தது.

மறுநாள் 15-ந்தேதி. இணையதளம் திணறுகிறது என்று நாலா பக்கமும் புகார். உள்ளே போக முடியவில்லை, போனாலும் பாதியில் நின்று விடுகிறது என்று ஆடிட்டர்கள் புலம்பினார்கள்.

அன்று இரவு நெருங்கி, மத்திய நேரடி வரிகள் வாரியம் நிஜமாகவே அவகாசம் கொடுத்தது. எத்தனை நாள்? ஒரே ஒரு நாள்! 16-ந்தேதி இரவோடு கதை முடிந்தது. அதிலும் நள்ளிரவு 12 மணி முதல் 2.30 மணி வரை பராமரிப்பு வேலைக்காக இணையதளத்தை மூடி விட்டார்கள்.

“பார்த்தீங்களா, நீட்டிச்சுட்டாங்க. வாட்ஸ்அப்பில் வந்தது சரிதான்” என்று நினைத்தவர்கள் ஏமாந்து போனார்கள். புரளி சொன்னது 15 நாள். சர்க்கார் கொடுத்தது 1 நாள். 17-ந்தேதி காலை கண் விழித்தவருக்கு மீட்டர் ஓடத் தொடங்கி விட்டது.

இதே நாடகம் 2019-லும் நடந்தது. அந்த வருடம் ஆகஸ்டு 31 கெடு. செப்டம்பர் 30 வரை நீட்டிப்பு என்று ஒரு போலி உத்தரவு உலவியது. அது போலி என்று முந்தின நாளே வாரியம் அறிவிக்க வேண்டி வந்தது.

எப்போது நீட்டினார்கள்?

“வருஷா வருஷம் நீட்டத்தானே செய்றாங்க?” என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம்.

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. இது 2018-லும் 2019-லும் ஆகஸ்டு 31-க்குப் போனது. 2018-ல் வெள்ளத்தில் தத்தளித்த கேரளத்துக்கு மட்டும் செப்டம்பர் 15 வரை கொடுத்தார்கள்.

2020-ல் கொரோனா. தள்ளித் தள்ளி 2021 ஜனவரி 10 வரை போனது. 2021-ல் டிசம்பர் 31 வரை நீண்டது.

இதைப் பார்த்துப் பழகியவர்கள் 2022-ல் சாவகாசமாக இருந்தார்கள். சர்க்கார் அசையவில்லை! ஜூலை 31 என்றால் ஜூலை 31தான். 2023-லும் அப்படியே. 2024-லும் அப்படியே. 2024 ஜூலை 31 அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட 70 லட்சம் பேர் முண்டியடித்துக் கொண்டு தாக்கல் செய்தார்கள்.

2025-ல் படிவங்களில் மாற்றம் நிறைய என்று மே மாதம் 27-ந்தேதியே செப்டம்பர் 15 வரை நீட்டினார்கள்.

ஆக, நீட்டிப்பு என்பது சர்க்கார் மனசு வைத்தால் தருவது. நாம் கேட்டு வாங்கும் உரிமை அல்ல.

வரியே இல்லை, அபராதம் உண்டு!

நிறைய பேர் மாட்டிக் கொள்வது இந்த இடத்தில்தான்.

2025-26-ல் சம்பாதித்த வருமானத்துக்கு, புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை. “எனக்குத்தான் வரியே கிடையாதே, கணக்கு எதுக்கு?” என்று குமாஸ்தா ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும்.

ஆனால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் வருமானம் இருந்தால் கணக்கு காட்டியே தீர வேண்டும். காட்டிய பிறகுதான் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம் ஆகும். கெடுவுக்குள் காட்டாவிட்டால் வரி பூஜ்யம், அபராதம் 5 ஆயிரம்!

வருமானம் குறைவாக இருந்தாலும் சிலருக்குத் தப்ப முடியாது. கடையில் வருட விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்ய வேண்டும். கரண்ட் பில் வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலும் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தாலும் அதே கதைதான்.

எவ்வளவு தண்டம்?

தாமதக் கட்டணம் இரண்டே ரகம். மொத்த வருமானம் 5 லட்சம் வரை என்றால் ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் என்றால் 5 ஆயிரம் ரூபாய். ஒரு நாள் தாமதமா, ஒரு மாதம் தாமதமா என்று பேதம் கிடையாது.

இதோடு வட்டி வேறு. வரி பாக்கி இருந்தால் மாதத்துக்கு 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்குதான்.

ஓர் உதாரணம். ஒருவருக்கு வருட வருமானம் 8 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். ஆபீசில் வரி பிடித்து விட்டார்கள். பாங்கி டெபாசிட் வட்டியைச் சேர்த்ததில் இன்னும் 8 ஆயிரம் ரூபாய் பாக்கி. செப்டம்பர் 16-ல் கட்டாமல் நவம்பர் 20-ல் கட்டுகிறார். வட்டி 3 மாதத்துக்கு 240 ரூபாய். தாமதக் கட்டணம் 5 ஆயிரம். 8 ஆயிரத்தில் முடிய வேண்டியது 13 ஆயிரத்து 240 ஆகி விட்டது!

இன்னொருவருக்கு சர்க்காரே 3 ஆயிரம் ரூபாய் திருப்பித் தர வேண்டும். அவரும் கெடுவைத் தவற விட்டார். 5 ஆயிரத்தில் அந்த 3 ஆயிரம் கழிந்தது. வாங்க வேண்டியவர் 2 ஆயிரம் கட்ட வேண்டியவர் ஆனார்!

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

அபராதமாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போகும் பணம் சில பேருக்கு அதைவிட அதிகம்.

வீட்டுக் கடன், எல்.ஐ.சி., பி.எப். என்று கழிவு காட்டுகிறவர்களுக்குப் பழைய முறைதான் லாபம். கெடு தவறினால் சம்பளக்காரர் பழைய முறைக்குப் போகவே முடியாது. புதிய முறையில்தான் கணக்கு போடுவார்கள். வருடம் பூராவும் கட்டிய பிரீமியத்துக்கு வரியில் ஒரு காசு சலுகை கிடைக்காது.

பங்கு மார்க்கெட்டில் கையைச் சுட்டுக் கொண்டவர்களுக்கும் அடி. இந்த வருட நஷ்டத்தை அடுத்தடுத்த வருட லாபத்தில் கழித்துக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கெடுவுக்குள் கணக்கு காட்டியிருக்க வேண்டும். கடை வியாபார நஷ்டத்துக்கும் இதே விதிதான். வாடகை வீட்டுக் கணக்கில் வரும் நஷ்டத்துக்கு மட்டும் விலக்கு.

தவற விட்டால் வழி என்ன?

வழி இருக்கிறது. டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்யலாம். அபராதம், வட்டி உண்டு. 2024-ல் இந்தக் கெடுவையும் ஒரு தடவை 2025 ஜனவரி 15 வரை நீட்டினார்கள். அதை நம்பி உட்காரக் கூடாது.

அதையும் விட்டால் ‘புதுப்பித்த கணக்கு’ என்று ஒன்று உண்டு. 2022-ல் வந்த ஏற்பாடு. முதலில் 2 வருடம் என்று வைத்தார்கள். 2025-ல் 4 வருடம் ஆக்கினார்கள். ஆனால் விலை அதிகம். வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் முதல் வருடம் 25 சதவீதம், இரண்டாம் வருடம் 50, மூன்றாம் வருடம் 60, நாலாம் வருடம் 70 சதவீதம் கூடுதல் வரி! ரீபண்டு கேட்க இந்த வழி உதவாது.

ஆஸ்பத்திரி, குடும்பத்தில் சாவு என்று நிஜமான கஷ்டத்தால் ரீபண்டைத் தவற விட்டவர்கள், தாமதத்தை மன்னிக்கும்படி கமிஷனருக்கு மனுப் போடலாம். 5 வருடத்துக்குள் போட வேண்டும். காரணத்துக்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

எழும்பூர் கோர்ட்டு வரை...

கணக்கு காட்டாதது வெறும் அபராதக் குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஜெயிலும் உண்டு.

1961-ம் வருடச் சட்டப்படி, வேண்டுமென்றே கணக்கு காட்டாமல் ஏய்த்த வரி 25 லட்சத்தைத் தாண்டினால் 6 மாதம் முதல் 7 வருடம் வரை சிறைத் தண்டனை என்று இருந்தது. அதற்குக் குறைவு என்றால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை என்று இருந்தது. வரி பாக்கி 10 ஆயிரத்துக்குள் இருந்த சாதாரண ஆட்கள் மேல் இந்தப் பிரிவு பாயவில்லை.

சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும். ஜெயலலிதா, சசிகலா, அவர்கள் பங்குதாரர்களாக இருந்த சசி எண்டர்பிரைசஸ் ஆகியோர் மீது எழும்பூர் பொருளாதாரக் குற்றக் கோர்ட்டில் நடந்தது இதே வழக்குதான். 1990-களின் தொடக்க வருடங்களுக்குக் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்பது இலாகாவின் புகார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

2014 ஜனவரி 30-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, வழக்கை ரத்து செய்ய மறுத்து விட்டது. கெடுவுக்குப் பிறகு தாக்கல் செய்ய அவகாசம் இருப்பதால் கெடுவைத் தவற விட்டது குற்றம் இல்லை என்று ஆகி விடாது என்பது தீர்ப்பின் சாரம். பிறகு இலாகாவுக்குச் சமரசக் கட்டணம் கட்டி, 2015-ல் வழக்கு முடிந்தது.

பாதி வேலையில் நிற்காதீர்கள்

கெடுவுக்குள் தாக்கல் செய்தும் சிலர் கோட்டை விடுகிறார்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள், ஆதார் ஓ.டி.பி. மூலம் “இது என் கணக்குதான்” என்று உறுதி செய்ய வேண்டும். 2022 ஆகஸ்டுக்கு முன்பு இதற்கு 120 நாள் இருந்தது. இப்போது 30 தாண்டினால், உறுதி செய்த தேதிதான் தாக்கல் தேதி. ஜூலையில் போட்ட கணக்கு செப்டம்பர் கணக்காகி அபராதம் விழும்!

கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தணிக்கை தேவைப்படாத வியாபாரக் கணக்குகளுக்கு ஆகஸ்டு 31 வரை அவகாசம் தர 2026 பட்ஜெட்டில் முன்மொழிந்தார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு ஆகஸ்டு என்றால், அவர் கடையில் சம்பளம் வாங்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஆகஸ்டு என்று அர்த்தம் இல்லை. அவருக்கு ஜூலை 31தான்.

நிஜமான நீட்டிப்பு வந்தால் அது வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் இருக்கும். அங்கே இல்லாதது எதுவும் உத்தரவு அல்ல, எத்தனை சிங்க முத்திரை குத்தியிருந்தாலும் சரி.

ஆபீசில் பிடித்த வரிக்கான சான்று ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். அதற்கும் ஜூலை 31-க்கும் நடுவே 46 நாள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.